ஓர் எழுத்து குறைந்த ஈத்தர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. சோப்பும் ஷாம்பூவும் அடுக்கியிருந்த வரிசையில் நின்று ஒரு பெண் முகக் களிம்பு டப்பா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். அவள் பின்பக்கத்தைப் படித்தாள். எறும்பு ஊர்ந்ததுபோல் பொடியாக அச்சடித்திருக்கும் அந்தச் சேர்மானப் பட்டியலை உதடு அசைய வாசித்துக்கொண்டே வந்து, ஒரு நீளமான பெயரில் நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அந்த மாதிரிப் பட்டியல்களை எழுதுவது பதினான்கு வருடம் என் பிழைப்பாக இருந்தது. ஒருவர் அதை முழுசாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தேன்.

முதல் வரி மூன்று விதமாக வந்தது. மூன்றையும் அடிக்காமல் இங்கே விட்டுவைக்கிறேன்.

‘அந்த டிரம் வந்து இறங்கிய அன்று வானம் இருட்டிக்கொண்டு—’ (இல்லை. நல்ல வெயில். எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்காரர் தலையில் ஈரக் கைக்குட்டை போட்டுக்கொண்டுதான் அதை உருட்டினார். துக்கக் கதை என்றதும் கை தானாக மழையைக் கூப்பிடுகிறது.)

‘கிளைக்கால் ஈத்தர் என்பது நிறமற்ற ஒரு திரவம்—’ (பாடப்புத்தகம்.)

‘என் அண்ணி ஒரு தப்பு செய்தார்.’ (இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை.)

2

அண்ணியின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். முகக் களிம்பு, கைக்குப் பூசும் லோஷன், தலைச்சாயம் இவற்றையெல்லாம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவர் சேர்மானம் வகுப்பவர். எதில் எது எத்தனை பங்கு, எதற்குப் பிறகு எது, எந்தச் சூட்டில் எது என்று தீர்மானிப்பது அவர். பத்தொன்பது வருடம் செய்தார். அங்கேயே மாடி அறையில் நான் லேபிள் எழுதினேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அண்ணன் போன பிறகும் ஏற்பாடு மாறவில்லை. வீட்டில் அண்ணி கீழே, நான் மாடியில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு கீழே.

அந்த வருடம் மங்குக்கு ஒரு களிம்பு செய்துகொண்டிருந்தார்கள். கன்னத்தில் கருமையாகப் படருமே, அது. அதை மட்டுப்படுத்தும் தூள் ஒன்று அண்ணியை இரண்டு மாதம் பாடாய்ப் படுத்தியது.

“தண்ணியிலயும் கரையாது, எண்ணெயிலயும் கரையாது தம்பி. சரியான முரண்டு” என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது.

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“நடுவுல ஒரு ஆளைப் போடணும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல நல்ல நாத்தனார் ஒருத்தி இருந்தா வீடு ஓடுமில்ல, அந்த மாதிரி.”

“நல்ல நாத்தனாரா? அப்படி ஒரு சரக்கு இருக்கா அண்ணி?”

“இருக்கு. டிரம்ல வருது” என்றார் சிரிக்காமல்.

அந்த நாத்தனாரின் முழுப்பெயர் டைஎத்திலீன் கிளைக்கால் மோனோஎத்தில் ஈத்தர். தொழிற்சாலையில் ‘டை ஈத்தர்’ என்பார்கள். முரண்டு பிடிக்கும் தூளைக் கரைத்து, தோலுக்குள் இறங்கவும் வழிவிடும். அளவாகப் போட்டால் சாது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கிளைக்கால் ஈத்தர் என்பது ஒற்றைப் பொருளல்ல, ஒரு குடும்பம். சிலவற்றைக் களிம்பிலும் சாயத்திலும் சேர்க்கலாம். சிலவற்றை இந்தத் தொழிலுக்குள்ளேயே விடமாட்டார்கள். அவை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் ரத்தத்தைக் கெடுக்கும், கருவையும் தொடும். நம் சாதுவுக்கு அப்படி ஓர் உறவு உண்டு. அதன் பெயரும் இதே பெயர்தான், முன்னால் ‘டை’ மட்டும் இருக்காது. பார்வைக்கு இரண்டும் தண்ணீர். கொதிநிலைகூட ஏறத்தாழ ஒன்றே.*

* (இந்த இடத்தில் கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருக்கிறது: ‘தப்பு. ஒன்று 135 டிகிரி, மற்றது 202. அதை வைத்துத்தான் ஆளைப் பிரிப்போம்.’ எழுதியது அண்ணி. எப்போது எழுதினார் என்பது பின்னால் வரும். என் தப்பான வரியை அப்படியே விடுகிறேன்.)

3

கலக்குத் தொட்டியில் நின்ற பெண்ணைப் ‘பதம்’ என்று கூப்பிடுவார்கள். தொட்டிக்குள் சுழலும் களிம்பை ஒரு நிமிடம் பார்ப்பாள். கரண்டியால் கொஞ்சம் எடுத்துச் சாய்ப்பாள். “பதம் வந்துடுச்சு, நிறுத்துங்க” என்பாள். அதற்குப் பிறகு அண்ணி கருவியை வைத்து அளந்து பார்ப்பார். அளவு சரியாக இருக்கும்.

“இந்த மெஷினை வித்துட்டு உனக்கு ரெண்டு மடங்கு சம்பளம் கொடுக்கச் சொல்றேன்” என்று அண்ணி கிண்டல் செய்வார்.

“மெஷின் லீவு கேக்காதே அக்கா, நான் கேப்பேனே” என்பாள் அவள்.

முப்பத்து நாலு வயது. கணவர் சரக்கு வண்டி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. நடுவில் ஒரு முறை உண்டாகித் தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி அவளாகப் பேசமாட்டாள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்க நினைப்பவர்களை வேலை சொல்லித் துரத்திவிடுவாள்.

(அவளை ஒரு சோகப் பதுமையாக எழுதிவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதனால் இதையும் எழுதுகிறேன்: அவளுக்கு மகா கோபம் வரும். தொட்டியருகே செருப்போடு போன முதலாளியை எல்லார் எதிரிலும் “வெளிய நில்லுங்க சார்” என்றவள்.)

4

அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மூன்று வாரம் வீட்டில். முதல் நாலைந்து நாள் வலி மாத்திரை மயக்கத்திலேயே கிடந்தார்.

அந்தச் சமயம் பார்த்து டை ஈத்தர் தீர்ந்துபோனது. வழக்கமாகக் கொடுப்பவரிடம் சரக்கு இல்லை. புதிய இடத்தில் வாங்க வேண்டும், பெயரை முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்டர் அடிப்பது அலுவலகக் குமாஸ்தாவின் வேலை. ஐம்பது வயது, நிரந்தர மூக்கடைப்பு, காது கொஞ்சம் மந்தம். அவர் அண்ணிக்குப் போன் செய்தார். அண்ணி படுக்கையிலிருந்தே பெயரைச் சொன்னார். அவர் அடித்தார். அடித்த தாளில் ‘டை’ இல்லை. சொன்னவர் வாயில் விட்டுப்போனதா, கேட்டவர் காதில் விழவில்லையா, யாருக்கும் தெரியாது.

(இந்தக் குமாஸ்தா எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறார். மூக்கடைப்பு கொடுத்துப் பார்த்தேன். மந்தக் காது கொடுத்தேன். ஒரு பழைய குடை கொடுத்து, அடித்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் ஆள் உட்கார்ந்த மாதிரியே இல்லை. போகட்டும், மேலே போவோம்.)

புதிய இடத்துக்காரர்கள் கேட்டதைக் கேட்டபடி அனுப்பினார்கள். டிரம்மின் மேல் அதன் உண்மையான பெயர்தான் ஒட்டியிருந்தது. ஸ்டோர்காரர் ஆர்டர் தாளையும் டிரம்மையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அண்ணி இருந்திருந்தால் அரைக் குப்பி எடுத்துச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார். சோதிக்க ஆள் இல்லை. களிம்பு கேட்டுக் கடைகள் நெருக்கின. தாள் சரியாக இருக்கிறதே என்று முதலாளி அனுமதித்தார்.

பதம் அந்த டிரம்மிலிருந்து செம்பால் மொண்டு, நிறுத்து, தொட்டியில் ஊற்றினாள். அண்ணி திரும்புவதற்குள் நாலு முறை களிம்பு கலக்கினார்கள். மீதி நாட்களில் அதே சரக்கில் துணியை நனைத்து, தொட்டி விளிம்பில் ஒட்டியதைத் துடைத்தாள். ‘சாது’ என்று எல்லாருக்கும் பழகியிருந்ததால் முகமூடியும் கிடையாது, கையுறையும் ஒரு கைக்குத்தான்.

லேபிளுக்குத் தயாரிப்பு எண் வாங்க நான் கீழே போனேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, “சார், இந்த டிரம் வேற மாதிரி இனிப்பா மணக்குது, கவனிச்சீங்களா?” என்றாள்.

“கம்பெனி மாறியிருக்கு, அதான்” என்றேன். எண்ணை எழுதிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

5

கையில் மாவுக்கட்டோடு அண்ணி திரும்பி வந்த நாள், ஸ்டோர் வாசலிலேயே நின்றார். உள்ளே நாலடி தள்ளி இருந்த டிரம்மின் மேல் எழுதியிருந்ததை அங்கிருந்தே படித்தார். பிறகு பக்கத்தில் போய் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“இதை எத்தனை தடவை போட்டீங்க?”

“நாலு” என்றார் ஸ்டோர்காரர்.

“யாரு ஊத்தினா?”

கேட்டவருக்கே பதில் தெரியும். நேரே தொட்டியறைக்குப் போனார். பதம் அன்று வரவில்லை. முந்தின நாளும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று கணவர் போன் செய்திருந்தாராம்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவரை வில்லனாக்கினால் கதை எனக்குச் சுலபமாகிவிடும் என்பதால். அண்ணி சொன்னதைக் கேட்டு அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “கடைக்குப் போனதெல்லாம் திரும்பி வரணும். இன்னைக்கே” என்றார். காரணத்தை எழுதி அறிவிப்பும் வெளியிட்டார். அந்த அறிவிப்பை எழுதியது நான். நல்ல தமிழில் எழுதினேன்.

சாயங்காலம் அண்ணியும் நானும் பதம் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை, ஓரமாக அடுப்பு. சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாதமாம். இரண்டு நாளைக்கு முன்பு போய்விட்டதாம்.

“யார்கிட்டயும் சொல்லலை. போன தடவை சொல்லித்தானே... நீங்க வந்ததும் உங்ககிட்ட மட்டும் சொல்லலாம்னு இருந்தேன் அக்கா” என்றாள்.

அண்ணி உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஈத்தர் என்ன, இந்த ஈத்தர் என்ன, எது கருவைத் தொடும். ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. கடைசியில், “நான்தான் போன்ல பேரைத் தப்பாச் சொல்லிட்டேன்மா. மாத்திரை போட்டிருந்தேன்” என்றார்.

பதம் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அண்ணி அவளைத் தானே ஒரு பெரிய மருத்துவரிடம் கூட்டிப்போனார். டிரம்மின் மேல் இருந்த பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மருத்துவர் நல்லவர், நேரம் எடுத்துப் பேசினார். “இது காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஏற்கெனவே ஒண்ணு தங்கலைன்னு சொல்றீங்க. நிச்சயமா எதுவும் சொல்ல முடியாதும்மா.”

சொல்ல முடியாது. இந்த இரண்டு சொல்லை நான் ஆறு வருடமாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன்.

அந்த மாதக் கடைசியில் அண்ணி வேலையை விட்டார். முதலாளி இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். “பேரைச் சரியாச் சொல்லத் தெரியாதவளுக்கு அந்த நாற்காலி எதுக்கு சார்” என்று முடித்துவிட்டார். பதமும் கொஞ்ச நாளில் தையல் கூடம் ஒன்றுக்கு மாறிப் போனாள்.

6

இனி முடிவு. மூன்று யோசித்தேன்.

முதலாவது: குமாஸ்தா சாகக் கிடக்கிறார். அண்ணியைக் கூப்பிட்டனுப்பி, “நீங்க சரியாத்தான் சொன்னீங்க, நான்தான்—” என்று சொல்லிக் கண்ணை மூடுகிறார். (சாகப்போகிறவன் உண்மை சொல்வதில் என்ன பெரிய காரியம்.)

இரண்டாவது: பதத்துக்கு இரண்டு வருடம் கழித்துப் பெண் குழந்தை. தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வருகிறாள். (வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தையே இல்லை. கதையில் கொடுத்துவிட்டால் யார் தடுக்கப்போகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். கிழித்தேன்.)

மூன்றாவது: அண்ணி மறுபடி ஆய்வறைக்குத் திரும்புகிறார். (உண்மையில் அவர் வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார்.)

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது கீழே பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி ஏதோ ஒரு பொருளின் பெயரை வேகமாகச் சொல்லிவிட்டாள். அண்ணியின் குரல் மாடிக்குக் கேட்டது.

“மறுபடி சொல்லு. மெதுவா. ஒவ்வொரு எழுத்தா.”

சொன்னாள்.

“இன்னொரு தடவை.”

சொன்னாள்.

“இன்னொரு தடவைம்மா. பேருதான் முக்கியம். நான் ஒரு தடவை ஒரு பேரைத் தப்பாச் சொல்லி, ஒருத்தி வீட்டையே கெடுத்தேன்.”

கடைப் பெண் பொய்யில்லை, அவளைப் பார்த்தது நிஜம். ஆனால் இந்தக் கதை அவளிடமிருந்து வரவில்லை. ஆறு வருடமாக மாடியில் உட்கார்ந்து, வாரத்துக்கு ஒரு முறையாவது இதைக் கேட்கிறேன். அங்கிருந்துதான் வந்தது.

7

குமாஸ்தா என்று யாரும் இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் லேபிள் எழுதியவன்தான் கடிதமும் அடித்தான், ஆர்டரும் அடித்தான். போன் செய்தது நான். அண்ணி படுத்திருந்தார், குரல் கனத்திருந்தது. அப்படியும் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

“எழுதிக்கோ தம்பி. டைஎத்திலீன். முன்னாடி டை இருக்கு, விட்டுடாதே. டை.”

பழைய கடித உறையின் பின்புறம் எழுதினேன். ‘டை’யின் கீழே கோடும் போட்டேன். அப்போது அலுவலகக் கணினியில் என்னுடைய சொந்தக் கதை ஒன்று திறந்திருந்தது. ஒரு பத்தியில் ஒரு சொல் அமையாமல் காலையிலிருந்து திண்டாடிக்கொண்டிருந்தேன். போனை வைத்த கணத்தில் அந்தச் சொல் வந்துவிட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு, அவசர அவசரமாக ஆர்டரை அடித்தேன். மனம் இன்னும் அந்தப் பத்தியிலேயே இருந்தது. அனுப்பினேன். அந்தக் கதை பிறகு பத்திரிகையில் வந்தது. நன்றாக இருந்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

அண்ணி டிரம்மைப் படித்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “அவங்க போன்ல என்ன சொன்னாங்க?”

“சொன்னதைத்தான் சார் அடிச்சேன்” என்றேன்.

அண்ணியும் அங்கேதான் நின்றார். என்னைச் சந்தேகமாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. “ஆமா, நான் மாத்திரை போட்டிருந்தேன். நான்தான் உளறியிருப்பேன்” என்றார். நான் மாடிக்குப் போய் மேஜை இழுப்பறையிலிருந்து அந்த உறையை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

அவ்வளவுதான். இதை எழுதத்தான் ஆறு பகுதி சுற்றி வந்திருக்கிறேன். ஐந்தாம் பகுதியில் “நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்” என்று எழுதியிருக்கிறேன். அண்ணி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும். ‘நாங்கள்’ என்பது ஒளிய வசதியான சொல்.

நான் அந்த ‘டை’யைச் சரியாக அடித்திருந்தால் அவளுக்குக் குழந்தை தங்கியிருக்குமா? மருத்துவர் சொன்ன பதிலுக்கு மேல் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அண்ணியின் நாற்காலியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் நிச்சயமாகத் தெரியும்.

8

என் கதைகளை முதலில் படிப்பவர் அண்ணி. முப்பது வருட வழக்கம். ஏழு பகுதியையும் ஒரு மதியம் கீழே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“நீளமா இருக்கா?” என்றார் கண்ணாடியைத் தேடியபடி.

“சின்னதுதான் அண்ணி.”

மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. அன்று பாடம் கிடையாது என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது கேட்டது. பிறகு கூப்பிட்டார்.

தாள்களை அடுக்கி, மேலே கண்ணாடியை மடித்து வைத்திருந்தார். அழுத முகமாகத் தெரியவில்லை. களைத்த முகம்.

“அப்ப நான் சொன்னேனா?”

“சொன்னீங்க அண்ணி.”

“ஒரு தடவையா, ரெண்டு தடவையா?”

“மூணு தடவை.”

தலையை மெல்ல ஆட்டினார். “எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவோ யோசிச்சிருக்கேன். படுக்கையில அதே மாதிரி படுத்துக்கிட்டு, போனைக் காதுல வெச்சுக்கிட்டு, என்ன சொல்லியிருப்பேன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் வரும். ஆனா நம்ப மாட்டேன். இப்ப பயத்துல சரியா வருது, அன்னைக்கு வந்திருக்காதுன்னு நினைச்சுப்பேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வேண்டாம். எழுதியிருக்கீங்களே, அதுவே போதும்.”

எழுதியிருக்கீங்களே. இந்த வீட்டுக்கு அவர் மருமகளாக வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ‘நீ’தான், ‘டேய்’கூட உண்டு. அன்றுதான் முதல் முறையாக ‘நீங்க’.

“கொதிநிலையைத் தப்பா எழுதியிருந்தீங்க, திருத்தியிருக்கேன்” என்றார். பிறகு, “மேல் வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். உங்க அண்ணன் வீடு. ஆனா கொஞ்ச நாளைக்குக் கீழ சாப்பிட வர வேண்டாம்” என்றார்.

சரி என்றேன். படியேறும்போது பின்னாலிருந்து கேட்டார், “அவளுக்குத் தெரியணுமில்ல?”

அது எனக்கான கேள்வியா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை. நான் நின்றேன்.

“டாக்டர் சொன்னதை வெச்சுக்கிட்டு அவ எப்படியோ மனசைத் தேத்தி வெச்சிருக்கா. இப்ப போய் அதைக் கிளறணுமா?” என்றார். பிறகு அவரே, “நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவ வீட்டுல உக்காந்து ஒரு பொய் சொல்லியிருக்கேன். பொய்னு தெரியாம சொன்னேன். இப்ப தெரிஞ்சுபோச்சே” என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணி வெளியே போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தோளில் துணிப்பை. அதற்குள் இந்தத் தாள்கள். நான் கூடப் போகவில்லை.

9

மூன்று நாள் கழித்துத் தாள்கள் என்னிடம் திரும்பி வந்தன. கொண்டுவந்து கொடுத்தது அண்ணிதான். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

“படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டா. நடுவுல நிறுத்தச் சொல்லலை.”

“என்ன சொன்னா அண்ணி?”

“உங்களைப் பத்திச் சொன்னதை உங்ககிட்டச் சொல்லச் சொல்லலை. கதையில ரெண்டு இடம் தப்புன்னா. அதை மட்டும் சொல்லச் சொன்னா.”

முதல் இடம் ஐந்தாம் பகுதியில். குலுங்கிக் குலுங்கி அழுதாள் என்ற வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு. பேனாவை அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருந்தது. “நான் அழலைன்னு சொன்னா. யோசிச்சுப் பார்த்தேன், நிஜந்தான், அழலை. சரக்கெல்லாம் திரும்பி வந்துச்சா, யாராவது பூசிட்டாங்களான்னுதான் கேட்டா. எனக்கே மறந்துபோச்சு.”

எனக்கு மறக்கவில்லை. அதுதான் வெட்கம். அன்று அவள் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் எழுதும்போது, அந்த இடத்தில் ஒரு பெண் அழுதால்தான் படிப்பவருக்குத் துக்கம் வரும் என்று கை எழுதிவிட்டது. அவளுக்கு நான் செய்தது போதாதென்று அழவும் வைத்திருக்கிறேன்.

“இன்னொரு இடம்?”

அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உடைந்து கூடிய அந்த மணிக்கட்டு இன்னும் லேசாகக் கோணலாகத்தான் இருக்கிறது.

“அவ புருவத்தைச் சுருக்கிக்கிட்டு உங்ககிட்டப் புகார் சொன்ன மாதிரி எழுதியிருக்கீங்க. புகார் இல்லையாம். அந்த மாசம் எதைப் பார்த்தாலும் அவளுக்குக் குமட்டலாம். எண்ணெய் வாடை, சோப்பு வாடை, சோத்து வாடை, எதுவும் ஆகலையாம். அந்த டிரம் வாசனை ஒண்ணுதான் நல்லா இருந்துச்சாம். அதனால மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டே வேலை செஞ்சாளாம். சந்தோஷமாத்தான் உங்ககிட்டச் சொன்னாளாம். அதை எழுதச் சொல்லு அக்கான்னா.”

சொல்லிவிட்டு அண்ணி கீழே இறங்கிப் போனார்.

அவள் எழுதச் சொன்னதை எழுத வேண்டும். எங்கே எழுதுவது? நாலாம் பகுதியில், புருவத்தைச் சுருக்கிய வரியை அடித்துவிட்டு அங்கே வைக்கலாம். அப்படி வைத்தால், ஓர் எச்சரிக்கையை நான் அலட்சியம் செய்தேன் என்ற குற்றம் என்மேல் கொஞ்சம் குறைந்துபோகும். குறைய வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்ன அந்த ஒற்றை அறையில், ஐந்தாம் பகுதியில் வைக்கலாம். அப்போதுதானே அந்த வாசனை என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான், அழாமல், சரக்கு திரும்பி வந்ததா என்று கேட்டிருக்கிறாள். அந்த இடத்தை எழுத என்னால் ஆகாது.

கடைசி வரியாக வைத்தால் கதை நன்றாக முடியும். அந்த வித்தை எனக்குத் தெரியும். ஒரு சொல் நன்றாக விழுந்த சந்தோஷத்தில் ஒரு தடவை என்ன செய்தேன் என்பதை ஏழாம் பகுதியில் படித்தீர்கள். ஆகையால் அப்படி முடிக்க மாட்டேன்.

நாலாம் பகுதியிலும் ஐந்தாம் பகுதியிலும் ஒவ்வொரு வரி அளவுக்கு இடம் விட்டு அச்சுக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். அப்படி விட்டால் அச்சுப்பிழை என்று நினைத்து இடைவெளியை மூடிவிடுவார்கள். எனவே கேட்டபடி இங்கே எழுதிவிட்டேன். இதை எடுத்துக்கொண்டுபோய் உரிய இடத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு. எங்கே வைத்தாலும் அதற்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் கொஞ்சம் மாறும். மாறட்டும். அவளைப் பற்றி எதையும் தீர்மானிக்கும் உரிமை எனக்கு இனி இல்லை.

கீழே பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு என்ன பாடம் என்று இங்கிருந்து சரியாகக் கேட்கவில்லை.